பாதிக்கப்பட்ட பாகத்தின் படம்

குழந்தைகளின் மனநோய்க்கும் இனிமேல் அரசுக் காப்பீடு உண்டு என்ற அறிவிப்பு கடை ரேடியோவில் வந்தபோது, கலர்காரர் யாரோ ஒருவரின் படுக்கையறைக்கு வெளிர்நீலம் கலந்துகொண்டிருந்தார். பெயின்ட் கடையில் நிறம் கலப்பது அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். அறிவிப்பைக் கேட்ட சந்தோஷத்தில் கறுப்பைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டார். வாங்க வந்தவர், "என்னங்க இது, நான் தூங்கறதுக்குக் கேட்டேன், துக்கம் கொண்டாடறதுக்கா கேட்டேன்?" என்று எகிறினார். கலர்காரர் அதற்கும் சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்ததால் கடை முதலாளி திட்டாமல் விட்டுவிட்டார்.

சிரிப்புக்குக் காரணம் மகள். இரண்டாம் வகுப்பு. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள், அவள் செய்த சேட்டைக்கு அது போதாத பெயர். ஒரு மதியம் பள்ளி வேனின் பின்சீட்டில் வாலு தூங்கிப்போனாள். டிரைவர் திரும்பிப் பார்க்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். வெயிலில் நின்ற வேனுக்குள் அவள் எவ்வளவு நேரம் கத்தினாள் என்று யாருக்கும் தெரியாது. திறந்தபோது தொண்டை கட்டிக் குரல் போயிருந்தது. குரல் சில நாட்களில் திரும்பி வந்தது. வாலு திரும்பி வரவில்லை.

அதன்பிறகு மூடிய கதவு என்றால் அவளுக்கு ஆகாது. பள்ளிக்கு முழுக்குப் போட்டாகிவிட்டது. வீட்டில் குளியலறை, கழிப்பறைக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். அம்மா பழைய போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு குளித்தாள். வாசல் கதவைத் திறந்துபோட்டு, அதன் குறுக்கே பாயை விரித்துக் கலர்காரர் படுத்தார். பகலெல்லாம் மகள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். "அப்பா இருக்கற இடத்துல எந்தக் கதவும் சாத்தாதுடி" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையில்தான் குழந்தையின் பொழுது ஓடிக்கொண்டிருந்தது.

அரசு மருத்துவமனையின் குழந்தை டாக்டர் அம்மாள் நல்ல மாதிரி. வாலுவைப் பார்த்துவிட்டு, "மாத்திரை வேண்டாங்க. இது பேசித்தான் போகணும். பேசவைக்கத் தெரிஞ்சவங்க மேல் மாடியிலயே இருக்காங்க, இப்பத்தான் திட்டத்துல போட்டிருக்காங்க. கீழ காப்பீட்டுப் பிரிவுல ஒரு அனுமதி வாங்கிட்டு வந்துடுங்க. சின்ன வேலைதான். ஆனா சீக்கிரம் செய்யுங்க, ஊறிப்போச்சுன்னா எடுக்கறது கஷ்டம்" என்றார்.

சின்ன வேலை என்று அவர் சொன்னதை யாரும் குற்றம் சொல்லமுடியாது. அவர் டாக்டர், காப்பீட்டுப் பிரிவுக்குள் காலெடுத்து வைத்தவரில்லை.

கீழே போவதற்கு முன்னால் மேல் மாடியை எட்டிப் பார்த்தார்கள். ஆலோசகர் அம்மாள் ஒரு நல்ல அறையில் உட்கார்ந்திருந்தார். குட்டி நாற்காலிகள், குட்டி மேசை, உறை பிரிக்காத பொம்மைகள். வாலுவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்தபடி கலர்காரரிடம் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க. அனுமதி இல்லாம நான் குழந்தைகிட்ட பேசக் கூடாது. கொஞ்ச நாள் முன்னால வராண்டாவுல ஒரு பையனைச் சாப்பிட்டியான்னு கேட்டுட்டேன். அனுமதியற்ற சிகிச்சைன்னு விளக்கம் கேட்டுட்டாங்க."

"அந்தப் பையன் என்ன சொன்னான்?"

"சாப்பிட்டேன்னான். அதுவும் எனக்கு எதிரா சாட்சியாயிடுச்சு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எப்படியாவது வாங்கிட்டு வந்துடுங்க. நான் இங்க சேர்ந்ததுல இருந்து ஒரு குழந்தைகூட இந்த மாடி ஏறல."

காப்பீட்டுப் பிரிவைப் பற்றி இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்தத் திட்டம் பிறந்தது எலும்புக்கும் குடலுக்கும் கண்புரைக்கும். முன்பொரு காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் யாருக்குமே அறுவை செய்யாமல், அறுத்ததாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அன்றிலிருந்து, பாதிக்கப்பட்ட பாகத்தை வெட்டுவதற்கு முன்னால் ஒரு படம், வெட்டிய பின்னால் ஒரு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல் என்று விதி செய்துவிட்டார்கள். திட்டத்தைக் குழந்தைகளின் மனத்துக்கு விரிவாக்கியபோது அறிஞர்கள் கூடி ஆலோசித்தார்கள். கடைசியில், பழைய விதிகளில் 'உறுப்பு' என்று வரும் இடங்களில் எல்லாம் 'அல்லது குழந்தையின் மனம்' என்று சேர்த்துப் படித்துக்கொள்ளவும் என்று ஒரே வரியில் ஆணை போட்டார்கள். விரிவாக்கம் முடிந்தது. அதற்கு ஒரு விழாகூட நடந்தது.

கவுன்ட்டர்க்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார். "இடதா, வலதா?"

"எதுங்க?"

"மனசு."

கலர்காரர் மகளைப் பார்த்தார். மகள் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறந்துதான் இருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"மனசுக்கு ஏதுங்க இடமும் வலமும்?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டுல ஒண்ணை அமுக்கலேன்னா அடுத்த பக்கம் போகாது. முட்டிக்குக் கேக்குது, கண்ணுக்குக் கேக்குது, இதுக்கும் கேக்குது."

"இதயம் இடது பக்கம்தானே," என்று கலர்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயையோ, இதயம்னு வாயத் திறக்காதீங்க, அது தனிப் பிரிவு. வால்வு மாத்தச் சொல்லிடும். இடதுன்னே போடறேன். நாளைக்கு வலது பக்கமும் வந்துச்சுன்னா புது விண்ணப்பம் போடணும், இப்பவே சொல்லிட்டேன்." அடுத்த பக்கம் வந்தது. "எத்தனை சென்டிமீட்டர்?"

கலர்காரருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. கவுன்ட்டர்க்காரர் இரக்கமுள்ளவர். எழுந்து வந்து வாலுவைச் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்தார். "இதையே போட்டுடறேன். முழுசா பாதிச்சிருக்குன்னு அர்த்தமாகும்." அந்த அலுவலகத்தில் அன்று எழுதப்பட்டவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

"காலைல வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க."

"பேசறதுக்கா?"

"மயக்க மருந்துக்கு."

"மயக்க மருந்து எதுக்குங்க?"

"குடுக்க மாட்டோம். ஆனா வெறும் வயித்துல இருக்கணும்."

மறுநாள் வாலு பட்டினியோடு போட்டோ அறைக்கு வந்தாள். போட்டோக்காரர் தன் தொழிலில் கெட்டிக்காரர். குடலிறக்கம், கட்டி, தையல் போட்ட வயிறு என்று எடுத்துத் தள்ளியவர். முகத்தை எடுத்துப் பழக்கமில்லை என்பதால் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார். வாலுவின் இடது கன்னத்தோரம் அளவுகோலைப் பிடித்துக்கொள்ளும்படி கலர்காரரிடம் கொடுத்தார். கதவு விரியத் திறந்திருந்தது. கேமரா மேலெழுந்ததும் வாலு சிரித்தாள்.

பள்ளியில் படம் எடுக்க வருபவர் அப்படிப் பழக்கியிருந்தார். கேமராவைப் பார்த்தால் சிரிக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வேனுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. படத்தை அனுப்பினார்கள். தொலைவில் எங்கோ உட்கார்ந்து எல்லாப் படங்களையும் பரிசீலிக்கும் மேலிடத்து டாக்டரிடமிருந்து மாலைக்குள் பதில் வந்தது: 'நோய் தெரியவில்லை. நோயாளி சிரிக்கிறார்.'

மேலிடத்து டாக்டர் அடிப்படையில் எலும்பு மருத்துவர். உடைந்தால் உடைந்தது தெரியவேண்டும் என்ற கொள்கையில் வாழ்பவர்.

இரண்டாம் தடவை போனபோது கலர்காரர் மகளிடம், "முகத்தைக் கொஞ்சம் சோகமா வச்சுக்கோ கண்ணு" என்று கெஞ்சினார். குழந்தை தன்னாலானதைச் செய்தாள். உதட்டைப் பிதுக்கினாள், கண்ணை உருட்டினாள். பதில் வந்தது: 'நடிப்பு. உண்மையான படம் அனுப்பவும்.'

வீட்டில் மனைவி துணி தைத்துக்கொண்டிருந்தாள். தையல் ஆலையில் பாதி, வீட்டில் மீதி என்று இரண்டு இடத்திலும் அவளுக்கு அதே வேலை. பதிலைப் படித்துக் காட்டியதும் மிஷினை நிறுத்தினாள்.

"உண்மையான படம்னா என்னங்க? அழவச்சு எடுக்கணுமா?"

"அப்படித்தான் போல."

"அப்போ முதல்ல அந்த டாக்டரை அழவச்சு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. எப்படி எடுக்கறதுன்னு பாத்துக் கத்துக்கறோம்."

அவள் மறுபடி மிஷினை மிதித்தாள். மிதித்துக்கொண்டே அழுதாள், தையல் கோணாமல் அழுதாள்.

இதற்கிடையில் வாலு தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தாள். பெற்றவர்களுக்கு அது உறைக்கவே நாளானது. தம்ளரைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், வாயில் வைப்பாள், பின்கட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும். அங்கே கதவு இல்லை என்றாலும் கதவு மாட்டியிருந்த நிலைச்சட்டம் இருந்தது. ஒருநாள் காலையில் உதடு வெடித்து, கண் சொருகிச் சுருண்டு கிடந்தாள். கலர்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

ட்ரிப்ஸ் ஏற்ற உடனே அனுமதி கிடைத்தது. இடது கை, ஊசி குத்திய இடம், பக்கத்தில் அளவுகோல். படம் போன வேகத்தில் ஒப்புதல் திரும்பி வந்தது. 'அருமை' என்று மேலிடத்து டாக்டர் பாராட்டியும் இருந்தார்.

குழந்தை டாக்டர் கலர்காரரைத் தனியே அழைத்துப்போனார். "இன்னைக்கு உடம்பைத் தேத்திட்டேன். வீட்டுக்குப் போனா மறுபடி குடிக்க மாட்டா. மேல் மாடிக்கு இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. இன்னொரு விஷயம், சொல்லவே கஷ்டமா இருக்கு. இதுவரைக்கும் ஒரு குழந்தைகூட வரலைங்கறதால அந்த ஆலோசகர் வேலையே தேவையில்லைன்னு எடுக்கறாங்களாம். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

தேறி எழுந்த மகளைத் தூக்கிக்கொண்டு கலர்காரர் நேராகத் திட்ட ஒருங்கிணைப்பாளரின் அறைக்குப் போனார். குழந்தைகளுக்கு இணக்கமான அறை என்று வெளியே எழுதியிருந்தது. சுவரில் பலூன்களும் வானவில்லும் வரைந்திருந்தார்கள். வானவில்லில் நிறங்கள் இடம் மாறிக் கிடந்ததைக் கலர்காரர் கண்டுகொண்டார், அதைச் சொல்வதற்கு அது நேரமில்லை. ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்று வரவேற்றார். வாலுவின் கன்னத்தைத் தட்டினார். மிட்டாய் கொடுத்தார். தன்மையான மனிதர், அதுதான் அவரிடமிருந்த பெரிய ஆபத்து.

"சார், இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. அனுமதி குடுங்க. இவ தண்ணியே குடிக்கறதில்ல சார்."

"தெரியும். அந்த நீர்ச்சத்துக் கேஸ் வெற்றிகரமா முடிஞ்சிடுச்சு. வாழ்த்துகள்."

"அது மனசால வந்தது சார்."

"அதைத்தான் நீங்க நிரூபிக்கணும்." அவர் கைகளைக் கோத்துக்கொண்டார். "நீங்க எங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாது. நாங்க குழந்தைகளை நம்பறோம். அப்பா அம்மாவை நம்பறோம். டாக்டரையும் நம்பறோம். இந்தத் திட்டமே நம்பிக்கை மேலதான் நிக்குது. ஆனா நம்பினதுக்கு ஒரு ஆதாரம் வேணுமில்லையா?"

"எத்தனை குழந்தைங்க சார் வந்திருக்காங்க?"

"எக்கச்சக்கம். பெருமையாச் சொல்வேன், திட்டம் தொடங்கின நாள்ல இருந்து ஒரு குழந்தையைக்கூட நாங்க நிராகரிக்கல. எல்லாம் நிலுவையிலதான் இருக்கு. ஒரு குழந்தைகூட இன்னும் சிகிச்சைக்குப் போகலைன்னு சிலர் குறை சொல்றாங்க. அதையே கொஞ்சம் திருப்பிப் பாருங்க. நம்ம குழந்தைங்க எவ்வளவு ஆரோக்கியமா இருக்காங்கன்னு அது காட்டலையா?"

சட்டை நுனியில் மகளின் பிடி இறுகியது. ஒருங்கிணைப்பாளர் முன்னால் சாய்ந்து குரலை மென்மையாக்கினார்.

"வழி இல்லாம இல்ல. இவளுக்குப் பயம் எப்ப வரும்?"

"கதவைச் சாத்தினா."

"அப்போ சாத்துங்க. ஒரே ஒரு நிமிஷம். படம் விழுந்ததும் திறந்துடலாம். மேலிடத்துல நானே போன் பண்ணிச் சொல்றேன், உடனே பாப்பாங்க."

"சார், அது..."

"இருங்க. ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். குழந்தையைப் பயமுறுத்தறது எங்க விதிப்படி பெரிய குற்றம். எங்க ஊழியர் யாரும் அந்தக் கதவுல கை வைக்க மாட்டாங்க. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு." அவர் புன்னகை செய்தார். "நீங்க அப்பா. நீங்க சாத்தலாம்."

வராண்டாவில் ஒரு பெஞ்சு கிடந்தது. கலர்காரர் அதில் உட்கார்ந்து யோசித்தார். யோசித்தார் என்பதைவிட, யோசனை அவரைப் போட்டுப் புரட்டியது என்றுதான் சொல்லவேண்டும். மாட்டேன் என்று எழுந்து போகலாம். போனால் நாளைக்கு மேல் மாடியில் யாரும் இருக்கமாட்டார்கள். வெளியே காசு கொடுத்துப் பார்ப்பதற்கு அவர் கலக்கிற பெயின்டையெல்லாம் விற்றாலும் போதாது. மகள் மறுபடி சுருண்டு விழுவாள், மறுபடி ட்ரிப்ஸ் ஏறும், மறுபடி 'அருமை' என்று பதில் வரும். மனைவிக்குப் போன் செய்ய எடுத்தார், எடுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அவள் சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்று பயந்தார்.

போட்டோக்காரர் வந்து காதோடு காதாகச் சொன்னார். "பாப்பாகிட்ட முன்கூட்டியே சொல்லிடாதீங்க. சொன்னா மறுபடி நடிப்புன்னு திருப்பிடுவாங்க."

ஆகவே அவர் சொல்லவில்லை. மகளைப் போட்டோ அறைக்குள் கூட்டிப்போய் நடுவில் நிற்கவைத்தார். போட்டோக்காரர் மூலையில் நின்றுகொண்டார். ஒருங்கிணைப்பாளர் வராண்டாவில் கதவைவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார், கதவில் அவர் கை படவில்லை என்பதற்கு எல்லோரும் சாட்சி.

"அப்பா போய்த் தண்ணி கொண்டு வரேன். இங்கயே நில்லு."

வாலு அவரை அண்ணாந்து பார்த்தாள். சட்டையை விட யோசித்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக விட்டாள். அப்பா சொல்கிறாரே என்று விட்டாள்.

கலர்காரர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார், ஆனாலும் அது சத்தம் போட்டது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் ஓடி வரும் காலடி. "அப்பா" என்றாள், கேள்வி போல. அவருடைய கையில் இருந்த கைப்பிடி உள்ளிருந்து திரும்பியது. அவர் விடவில்லை. "அப்பா, கதவு சாத்திக்கிச்சு அப்பா." கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்றே அவள் நினைத்தாள். அப்பாவிடம் புகார் செய்தாள். கைப்பிடி மறுபடி திரும்பியது, இந்தத் தடவை இரண்டு கைகளின் பலத்தோடு. எட்டு வயதுகூட ஆகாத பிள்ளையின் பலம் எவ்வளவு இருக்கும். அந்த அவ்வளவும் அவர் உள்ளங்கையில் வந்து மோதியது. பிறகு அலறல் எழுந்தது. வேனுக்குள் அவள் எப்படிக் கத்தியிருப்பாள் என்று இத்தனை நாளாக அவருக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்தது.

"பிடிங்க சார், விட்டுடாதீங்க," என்று உள்ளிருந்து போட்டோக்காரர் குரல் கொடுத்தார். "இடது பக்கம் இன்னும் கிடைக்கல. கதவுப் பக்கமே திரும்பி நிக்குது."

கலர்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். தன்னை ஒரு மிருகம் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே பிடித்தார்.

"ஆச்சு."

அவர் கதவைத் திறந்தார். வாலு கதவருகே நின்றிருந்தாள். அலறல் அறுந்தாற்போல் நின்றுவிட்டது. அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியை இன்னும் விடாமல் பற்றியிருந்த அவர் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் அவளைத் தூக்கக் குனிந்தார். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

மேலிடத்து டாக்டரின் பதில் உடனே வந்தது. 'நோய் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அனுமதி வழங்கப்படுகிறது. இத்தகைய தரமான படங்களையே மற்றவர்களும் அனுப்பவேண்டும்.' ஒருங்கிணைப்பாளர் அதை உரக்கப் படித்தார். போட்டோக்காரரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். எல்லா அலுவலகங்களுக்கும் இந்தப் படத்தை மாதிரியாக அனுப்பப்போவதாகச் சொன்னார். "நம்ம திட்டத்தோட முதல் குழந்தை," என்று வாலுவைக் காட்டிக் கவுன்ட்டர்க்காரரிடம் பெருமைப்பட்டார். கவுன்ட்டர்க்காரர் கம்ப்யூட்டரைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

மாடிப்படியில் ஊர்வலமாகப் போனார்கள். முதல் நோயாளி உள்ளே நுழைவதையும் படம் எடுக்கவேண்டும் என்பதால் ஒருங்கிணைப்பாளரும் போட்டோக்காரரும் முன்னால் போனார்கள். பின்னால் வாலு, சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகப் படியேறினாள். கடைசியில் கலர்காரர். அவர் சட்டை நுனி கசங்கித் தொங்கியது, அதை யாரும் பிடித்திருக்கவில்லை.

ஆலோசகர் அம்மாள் மேசையில் தன் சாமான்களைக் கட்டிவைத்திருந்தார். அனுமதி என்றதும் எழுந்து வந்தார். குழந்தைக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். இத்தனை நாளாகப் பேசாமல் வைத்திருந்ததாலோ என்னவோ, குரல் கொஞ்சம் பிசிறியது.

"வா கண்ணு. இங்க உனக்குப் பிடிக்காத எதுவும் நடக்காது. கதவு திறந்தே இருக்கட்டும். அப்பாவும் வந்து உன் பக்கத்துல உக்காரட்டும், சரியா?"

கலர்காரர் உள்ளே வரக் காலெடுத்து வைத்தார்.

"வேணாம்," என்றாள் வாலு.

"என்ன வேணாம்?"

"அப்பா வெளிய இருக்கட்டும்." அவள் குரல் அலறி அலறிக் கரகரத்திருந்தது. "கதவைச் சாத்துங்க."

ஆலோசகர் அம்மாள் அவளைப் பார்த்தார், கலர்காரரைப் பார்த்தார். ஏதோ நடந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "தாழ்ப்பாள் போடமாட்டேன். நீயே திறக்கலாம், எப்ப வேணும்னாலும்," என்றார் மெல்ல. அவர் எழுந்து வருவதற்குள் வாலுவே கதவின் விளிம்பைப் பிடித்துத் தள்ளினாள். கதவு கலர்காரரின் முகத்துக்கு நேராக வந்து சாத்திக்கொண்டது.

ஒருங்கிணைப்பாளர் வாயைப் பிளந்தார். அந்த வியப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பூரிப்பாக மாறியது.

"பாத்தீங்களா? கதவைச் சாத்திட்டா. அவளே சாத்திட்டா. எந்தக் கதவுக்குப் பயந்தாளோ அதே கதவு." போட்டோக்காரரை உலுக்கினார். "எடுங்க, எடுங்க. சிகிச்சைக்குப் பிந்திய படம்."

"முகம் தெரியலையே சார்."

"கதவை எடுங்க. இதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேணும்? உலகத்துல எங்கயாவது ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாலயே ஒரு குழந்தை குணமானதாக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

போட்டோக்காரர் கதவைப் படம் எடுத்தார். படம் போனது, ஒப்புதல் வந்தது, கேஸ் முடிந்தது. இடதா வலதா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டு கதவை நெருங்கினார்.

"அந்த அம்மாவை வெளிய கூப்பிடுங்க. முடிஞ்ச கேஸ்ல இனிமே பேசினா அனுமதியற்ற சிகிச்சை ஆயிடும். அதுவும் கடைசி நாள்ல அவங்களுக்கு எதுக்கு வம்பு?"

கலர்காரர் நகர்ந்து கதவை மறித்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் தகுதியை அவர் கீழே போட்டோ அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அவ சாத்தியிருக்கா சார். அவளே திறக்கட்டும்."

"நீங்க விதியைப் புரிஞ்சுக்கணும்..."

"புரிஞ்சுக்கிட்டேன் சார். உங்க ஊழியர் யாரும் கதவுல கை வைக்கக் கூடாது."

ஒருங்கிணைப்பாளர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். விதி என்றால் விதிதான், அதில் அவர் உண்மையிலேயே கண்டிப்பானவர். மேலிடத்தில் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போட்டோக்காரரும் கேமராவை உறையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போனார்.

வராண்டாவில் கலர்காரர் மட்டும் இருந்தார். முதுகுக்குப் பின்னால், மரப்பலகைக்கு அந்தப் பக்கம், வாலு பேசத் தொடங்கியிருந்தாள். வேனுக்குப் பிறகு அவள் இவ்வளவு தொடர்ச்சியாகப் பேசி அவர் கேட்டதில்லை. நடுநடுவே தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது, அவள் தண்ணீர் குடிக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. அப்பா, அப்பா என்று வரும் ஒரு வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது. எல்லாவற்றையும் சொல்லட்டும் என்று அவர் அசையாமல் நின்றார்.